பால் கட்டு என்று நினைத்தோம்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகன் பிறந்தான். எனக்குப் பால் போதவில்லை. லீவு முடிந்து போளூருக்கு டீச்சர் வேலைக்குத் திரும்பியதும் இருந்த கொஞ்சமும் வற்றிவிட்டது. சேவூரில் கூட்டுக் குடும்பம். நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்திக்கும் அப்போது கைக்குழந்தை, மூன்றாவது பெண். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே அக்கா என் மகனை வாங்கிக்கொள்வாள்.

"நீ போமா. ஆண்டவன் ரெண்டு பக்கம் குடுத்துக்கிறான், புள்ளைங்களும் ரெண்டு" என்று சிரிப்பாள். மடியில் பிள்ளை குடித்துக்கொண்டிருக்க, தறிக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டையில் சுற்றுவாள்.

பிள்ளைகளுக்கு ஒரு வயது தாண்டியதும், என் மகன் அவளுடைய இடது பக்கம் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கம் வைத்தாலே உடம்பை விறைத்துக்கொண்டு அழுவான். "பிடிவாதத்தைப் பாரு" என்று எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம்தான் கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. "பால் கட்டிகினு கீது" என்றாள் அக்கா. மாமியாரும் அதையேதான் சொன்னார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம், மல்லிகைப்பூ வைத்துக் கட்டினோம். கட்டி கரையவில்லை. தோல் உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் வேலூருக்குக் கூட்டிப்போனோம்.

புற்று என்று டாக்டரம்மா சொன்னதும் அக்கா அழவில்லை.

"மூணு புள்ளைக்குக் குடுத்தேன். இவ புள்ளைக்கும் குடுத்தேன். பால் குடுத்தா இது வராதுன்னு சொன்னாங்களேம்மா?"

"வர்றதுக்கு வாய்ப்பு குறையும்மா. வரவே வராதுன்னு சொல்ல முடியாது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்ப இவ சரியா குடுக்கவே இல்லியே. இவளுக்கு?"

அதில் பொறாமை இல்லை. நிஜமாகவே பயந்து கேட்டாள். "அவங்களும் பார்த்துக்கணும். எல்லாப் பொம்பளைங்களும் பார்த்துக்கணும்" என்றார் டாக்டரம்மா. பால் வழியாகப் பிள்ளைகளுக்கு இந்த நோய் போகாது என்று கேட்டபின்தான் அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். என் மகன் முகம் திருப்பியதைச் சொன்னேன். பிள்ளைகள் அப்படிச் செய்யப் பல காரணம் உண்டு, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். எனக்குத்தான் இன்றுவரை அந்த அழுகை காதில் விழுகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா சில வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு எலும்புக்குப் பரவியது. என் மகனும் அவளுடைய சின்னப் பெண்ணும் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது போய்விட்டாள்.

அதிலிருந்து குளிக்கும்போதெல்லாம் என் கை ஓரிடத்தில் நின்றுவிடும். 'இவளுக்கு?' என்று அக்கா பின்னாலிருந்து கேட்பது போலிருக்கும். ஒருநாள் நிஜமாகவே ஏதோ உருண்டது. யாரிடமும் யோசனை கேட்கவில்லை. காலேஜில் படித்துக்கொண்டிருந்த அக்காவின் மூத்த மகளை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன்.

வெறும் நீர்க்கட்டி என்றார்கள். அந்தப் பெண் என் கையை விடவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னேன்: "உங்கம்மாவுக்கு இருந்ததால நீயும் ஒருதரம் டாக்டர்கிட்ட கேட்டுக்கோ."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"போன மாசமே தனியா வந்து காட்டிட்டேன் சித்தி. ஒண்ணும் இல்லன்னாங்க. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."