திருட்டு ஜெபத்துக்குச் சொன்ன ஆமென்

பஸ் ஷெட்டில் கிழிந்த சீட்டுகளைத் தைத்துக் கொடுப்பது அக்காவின் வேலை. முதுகு வலியோடு வண்டி ஓட்டிய ஒரு டிரைவரின் சீட்டில் மட்டும், யாரும் கேட்காமலே, ஸ்பாஞ்சை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துவிட்டாள். அவரோ, "இது ராசியான வண்டிப்பா" என்று கடைசிவரை வண்டியையே புகழ்ந்துகொண்டிருந்தார். அக்கா வாயே திறக்கவில்லை.

இப்படிப்பட்டவள் எதற்கும் வாய் திறக்கமாட்டாள் என்று நம்பித்தான் அண்ணன் அந்தக் காரியத்தைச் செய்தான். நினைத்தால் தங்கைக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

அக்கா மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாமல் ஷெட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். நடுவில் அண்ணன்; பெண்டாட்டியோடு அப்பா வீட்டு முன்பக்கத்தில் இருந்தான். கடைசியில் தங்கை; புருஷன் விட்டுப் போனபின் மகளோடு அப்பா வீட்டுப் பின்னறையில் கிடந்தாள். வீடு மூன்று பேருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார்.

அவரை அடக்கம் பண்ணிய வாரத்தில் அந்த வீட்டில் அண்ணன் ஜெபம் வைத்தான். அவன் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். சபைக்காக, வியாதிக்காரர்களுக்காக, மழைக்காக என்று ஊரெல்லாம் சுற்றி வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என் சகோதரிகள் இந்த மண் வீட்டை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, பரலோகத்தின் நித்திய சுதந்தரப் பங்கே போதும் என்று தெரிந்துகொண்டதற்காக ஸ்தோத்திரம், பிதாவே" என்று முடித்தான். சின்ன வயசுப் பழக்கம், ஜெபம் முடிந்தால் ஆமென் தானாக வாயில் வந்துவிடும். அக்கா, "ஆமென்" என்றாள். பாதித் தூக்கத்தில் தங்கையும் சொன்னாள்.

"தேவ சமூகத்துல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்க. இனிமே பேச்சு மாறக் கூடாது. சின்னவளே, மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு" என்றான் அண்ணன்.

அக்காவின் முகம் சிவந்தது.

"என்னத்தடா ஒத்துக்கிட்டோம்?"

"ஆமென் சொன்னியேக்கா."

"ஜெபம் பண்றேன்னு நினைச்சுச் சொன்னேன். பத்திரம் எழுதுறேன்னு தெரிஞ்சிருந்தா கண்ணையே மூடியிருக்க மாட்டேன்."

"உனக்குத்தான் மோட்சத்துல பங்கு இருக்கே. இந்த ஓட்டை வீடு எதுக்கு?"

"ஏன், உனக்கு அங்க இல்லையா? இருந்தா, இந்த ஓட்டை வீடு உனக்கு எதுக்குடா?"

அண்ணி அடுப்பங்கரையில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிதாவின் வீட்டில் தனக்குப் பங்கு உண்டு என்பதில் அக்காவுக்குத் துளியும் சந்தேகமில்லை. அதனால்தான், அதையே ஒருவன் திருடனின் கன்னக்கோலாக எடுத்துக்கொண்டு வந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் முழங்காலில் நின்றாள்.

"பிதாவே, திருட்டு ஜெபத்துக்குச் சொன்ன ஆமெனை நான் திரும்ப எடுத்துக்கிறேன். நீர் எங்களுக்கு வச்சிருக்கிறதைக் காட்டியே இவன் என் தங்கச்சியைத் தெருவுல விடப் பாக்கிறான். எனக்கே இவ்வளவு கோபம் வருதே, உமக்கு வராதா?"

அதற்குத் தங்கை மட்டும் ஆமென் சொன்னாள், கண்ணைத் திறந்துகொண்டே.

மறுநாளே தையல் மிஷினோடு அக்கா பின்னறைக்குக் குடிவந்தாள். அண்ணன் தண்ணீரை அடைத்தான், கரண்டைத் துண்டித்தான். அவள் அசையவில்லை. கோயிலில் அவன் முன் வரிசையில் நின்று மோட்சப் பாட்டைப் பாடும்போது, எழுந்து போய்விடலாமா என்றிருக்கும் தங்கைக்கு. "பாட்டு நம்மளுதுடி, அதையும் அவனுக்கு விட்டுக்கொடுக்கணுமா?" என்று அக்கா இன்னும் உரக்கப் பாடுவாள்.

வருஷங்கள் போயின. ஸ்பாஞ்சுத் தூசி அக்காவின் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்த அன்று அண்ணன் வாசலில் நின்று, "பரம வீட்டுக்குப் புறப்பட்டுட்டா" என்று பெருமூச்சு விட்டான். அவன் கையில் புதுப் பூட்டு ஒன்று இருந்தது. தங்கைக்கு அவன் குரல்வளையைப் பிடிக்கலாம் போலிருந்தது. மகளை வண்டியில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறப் போனாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்:

"நீ வராத. நாம ரெண்டு பேரும் கிளம்பினா ரூமைப் பூட்டிருவான். எனக்கு அங்க இருக்கிறதை எவனும் பூட்ட முடியாது. நீ உள்ள போய் உக்காருடி."