மாடு மாற்றுகிறார்கள் என்று சொன்னேன்

தைப்பூச ரதம் எங்கே நிற்கிறது என்று வானொலிக்குப் பொய் சொன்னவள் நான். அந்தப் பொய்யால்தான் அந்த நிலையம் மூடப்பட்டது. அந்தப் பொய்யால்தான் என் கூடப்பிறந்த அண்ணன் தன் கடைசித் தைப்பூசத்தில் முருகனைப் பார்க்காமல் போனார்.

போதுமா? இதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போ. உன்னை நான் கூப்பிடவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் கைத்தொலைபேசியில் ஒன்றைப் படித்துக் காட்டினாள். பினாங்கின் பழைய எஃப்எம் வானொலிகளைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள். நம் நிலையத்துக்கு நாலு வரி. ஓராண்டுகூட ஓடவில்லையாம். பொறுப்பில்லாத அறிவிப்பாளர் ஒருவரால் பெயர் கெட்டு மூடிவிட்டார்களாம். அதற்குக் கீழே நாலு பேர் அவனைக் கிண்டல் செய்து வேறு எழுதியிருந்தார்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டீர்களா? நான் நிபோங் திபால் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் தமிழ் வானொலி கேட்டு வந்த தமிழ், எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

அந்த நிலையம் ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. இரண்டே அறை. பாலிக் புலாவ் போனால் மலை மறைத்துவிடும், வெறும் இரைச்சல்தான் கேட்கும். அதுவரை வானொலி என்றால் கோலாலம்பூர். அங்கிருந்து ஒருவர் சட்டை கசங்காமல் பேசுவார். இவர்களோ பாசாரில் இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது, எந்தச் சாலையில் வெள்ளம் என்று நம் வீட்டு ஆள் போலச் சொன்னார்கள்.

அறிவிப்பாளன் பெயர் குணா. சின்ன வயது, நல்ல குரல். நான் பாசாரில் பூக்கடை வைத்திருந்தேன். மாலை கட்டிக்கொண்டே கேட்பேன். தினமும் தொலைபேசியில் கூப்பிடுவேன். “ராஜம்மா அக்கா வந்துட்டாங்க, இப்பதான் பொழுது விடிஞ்சிருக்கு” என்பான். அந்த ஒரு வரிக்காகப் பாசாரே என்னை வேறு கண்ணால் பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காதா பின்னே?

என் அண்ணன் மனைவி மரகதம். எங்கள் குடும்பத்திலேயே அதிகம் படித்தவள் என்று அவளுக்கு எப்போதும் ஒரு நினைப்பு. பொங்கலன்று அவளும் வானொலியைக் கூப்பிட்டாள்.

“என் நாத்தனார் ராஜம்மாவுக்கும் பொங்கல் வாழ்த்து சொல்லிடுங்க தம்பி. அவளுக்கு எழுதப் படிக்க வராது, பாவம். அதான் கார்டு அனுப்பாம ரேடியோலயே சொல்றேன்.”

குணா சிரித்தான். சிரித்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டான்.

எனக்குத் தெரிந்த எல்லோரும் அதைக் கேட்டிருந்தார்கள். மறுநாள் மீன் விற்கும் காதர் பாய் ஒரு நோட்டை நீட்டி, “ராஜம்மா, இது அஞ்சு வெள்ளியா அம்பது வெள்ளியா, நான் படிச்சுச் சொல்லவா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று உனக்குச் சொன்னால் விளங்காது.

அவள் வேண்டுமென்றுதான் சொன்னாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா... இன்றுவரை நான் கேட்டதில்லை.

அடுத்து வந்தது தைப்பூசம். ரதத்தோடு கூடவே போய் அறிவிக்க நிலையத்தாரிடம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே ரதம் போகும் வழியெங்கும் தெரிந்த நேயர்களை நிறுத்தினார்கள். ரதம் வந்ததும் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அதை குணா அறிவிப்பான். டத்தோ கிராமாட் சாலைப் பக்கத்துக்கு நான்.

ரதம் நேரத்துக்கு வருகிற வண்டி அல்ல. தட்டோடு நிற்பவர்களுக்கெல்லாம் நிற்கும், அர்ச்சனை முடிந்து, தேங்காய் உடைத்து, பிறகு நகரும். நம் வாசலுக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயதானவர்களும் நோயாளிகளும் வானொலியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் காத்திருந்தார்கள்.

என் அண்ணனும் அப்படித்தான் காத்திருந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீடு அதே சாலையில் ஒரு சந்துக்குள்ளே. நாலு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் சாலைக்குக் கொண்டுவர வேண்டும், வெயிலில் வெகுநேரம் வைக்கக் கூடாது. “நீதானே சொல்லப் போற ராஜம்மா. சாமி வர்றாருன்னு ரேடியோல கேட்டதும் தூக்கிட்டு வந்திடறோம்” என்று மரகதம் முதல்நாளே சொல்லியிருந்தாள். நம்பித்தான் சொன்னாள்.

ரதம் என் கண்ணெதிரே நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. நான் காப்பிக் கடைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தேன்.

“அக்கா, சாமி எங்க இருக்காரு?”

“இங்கதான் தம்பி. மாடு மாத்துறாங்க. முக்கால் மணி நேரம் ஆகும் போல.”

“நல்லா தெரியுமாக்கா?”

“நான் பக்கத்துல நிக்கிறேன், நீ மாடியில உக்காந்திருக்க. யாருக்குத் தெரியும்?”

சற்று நேரத்தில் கடை வானொலியில் என் பொய் அழகான தமிழில் திரும்பி வந்தது. ரதத்தின் காளைகள் மாற்றப்படுகின்றன, அன்பர்கள் அதுவரை வீட்டில் இளைப்பாறலாம்...

நான் ரதத்தோடு நடந்தேன். தண்ணீர்ப் பந்தல் ஒலிபெருக்கிகளின் சத்தத்தில், சந்துக்குள் இருப்பவர்களுக்கு ரதம் வருவது தெரிய வழியில்லை. சந்து முனையில் மரகதம் போட்டிருந்த மேசையும் தேங்காய்க் குவியலும் மட்டும் இருந்தன. தட்டோடு யாரும் இல்லை. ரதம் நிற்காமல் போயிற்று. எனக்கு உள்ளே குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது. மறைக்க மாட்டேன்.

அண்ணன் நினைவு வரவில்லையா என்று கேட்பாய்.

வந்தது. தொலைபேசியை எடுக்கும்போதே வந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து அவரைத் தூக்கி வந்தார்கள். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சாலையில் உடைந்த தேங்காய் ஓடுகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ரதத்தின் பின்னால் ஓடிப் பிடிக்கலாம் என்றால் அந்தக் கூட்டத்தில் நாற்காலி நுழையாது. அண்ணன் சாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “போ... யிட்டாரா?” என்றார் குழறி.

“போயிட்டாருண்ணே. நான் வர்றாருன்னுதான் போன்ல சொன்னேன். அந்தப் பையன் மாத்திச் சொல்லிட்டான்.”

அவன் மேல் பழியை முதலில் போட்டவளும் நான்தான்.

அந்தச் சாலையில் அன்று எத்தனையோ வீட்டுத் தட்டுகள் அப்படியே திரும்பின. சாமி விஷயத்தில் நம் ஆட்கள் மன்னிப்பார்களா? நிலையத்துக்குத் திட்டு மேல் திட்டு. துணிக்கடையும் நகைக்கடையும் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டன. குணாவை வேலையிலிருந்து எடுத்தார்கள். கொஞ்ச நாளில் நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

மூடுவதற்கு முன் அவன் என் கடைக்கு வந்தான்.

“அக்கா, நீங்க என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாஸ்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“நான் படிக்காதவ தம்பி. என் பேச்சை எவன் நம்புவான்? உன் ரேடியோலயே சொல்லிட்டாங்களே, நீயும் சிரிச்சியே.”

அவன் முகம் மாறியது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. திரும்பிப் போய்விட்டான். ஊரெல்லாம் அவனைத் திட்டியபோதும் என் பெயரை அவன் வெளியே விடவில்லை. அது இரக்கம் என்றால் எனக்கு அந்த இரக்கம் வேண்டாம். அவனும் திருப்பித் திட்டியிருந்தால் கணக்கு சரியாகியிருக்கும். பிறகு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினான். வழியில் பார்த்தால் கையைத் தூக்குவான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அண்ணன் அடுத்த தைப்பூசத்துக்கு இல்லை.

மரகதத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. சோறு பிசைந்து தட்டை அவள் கையில் கொடுப்பது நான்தான். ஒவ்வொரு தைப்பூசத்திலும் வாசலில் மேளச் சத்தம் கேட்டதும் அதையே கேட்கிறாள். “அந்த ரேடியோக்காரப் பய நல்லா இருப்பானா ராஜம்மா?”

“இருக்க மாட்டான் அண்ணி” என்கிறேன்.

இந்த வருஷமும் சொன்னேன். சொல்லிவிட்டு அவளுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தேன்.

குணா உயிரோடு இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்காக இதை எழுதினேன் என்று நினைக்காதே. அந்த நாலு வரியில் இருந்த தப்பு எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். உனக்கு மனசு கேட்காவிட்டால் என் வீடு தேடி வந்து அவளிடம் சொல். சொல்லிப் பார்... நான் இல்லை என்பேன். அவள் என்னைத்தான் நம்புவாள்.