துரை அழகேசன் கொடி பிடித்த கதை

எங்கள் வேப்பம்பட்டு ஊரை விட்டு வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. சந்தேகமிருந்தால் ஆகஸ்ட் பதினைந்தன்று நலச்சங்க நாடகத்துக்கு வந்து பாருங்கள்.

அழகேசன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். தலைமுறை தலைமுறையாக வேப்பம்பட்டிலேயே நெல் விளைத்த குடும்பம். நிறம் மட்டும் எங்கிருந்து வந்ததோ, எலுமிச்சம்பழ நிறம்! பூனைக்கண் வேறு. போதாதா? நாடகம் தொடங்கிய ஆண்டிலிருந்து துரை வேஷம் அவருக்குத்தான். பூட்ஸ் காலால் மேடையை உதைத்து, புரட்சிக்காரனைக் காட்டி, "அந்த நாயக் கட்டுங்கடா!" என்று உறுமினால் முன்வரிசைக் குழந்தைகள் அலறும். பால் வாங்கப் போனாலும், "இன்னா தொர, லண்டனுக்கு எப்போ?" என்பார்கள். சிரித்து வைப்பார், உள்ளே வலிக்கும். ஒரே ஒரு தடவை புரட்சிக்காரனாகக் கொடி தூக்க வேண்டும், அதை மனைவி சாமுண்டீஸ்வரி பார்க்க வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசை கிடையாது.

"சோறு லேட்டானா ஊட்ல நீ போட்ற சத்தத்துக்கு தொர வேஷந்தான்யா சரி," என்றாள் அவள்.

இந்த வருஷம் புரட்சிக்காரன் வேஷத்தை அடம்பிடித்து வாங்கிவிட்டார். துரை வேஷம், புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த கோயம்புத்தூர் ஸ்ரீநாத்துக்குப் போனது. ஐ.டி. வேலை, அதிர்ந்து பேசாத பிள்ளை.

மேடையில் புரட்சிக்காரர் கர்ஜித்தார். துரை, கும்பிடாத குறையாக, "ஏனுங்க, அவரைக் கொஞ்சம் கட்டிப்போடுங்க," என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிப்பாய் வேஷத்தில் நின்ற நாகேந்திரனும் சிரித்தார்.

"இன்னா சார், பந்திக்கா கூப்புட்ற? அதட்டு சார்!" என்று கிசுகிசுத்தார் அழகேசன். ஸ்ரீநாத் திருதிருவென்று விழித்தார். நாடகமே படுத்துவிடும் போலிருந்தது. ஆத்திரத்தில் தன்னை மறந்து, "அந்த நாயக் கட்டுங்கடா!" என்று உறுமினார் புரட்சிக்காரர்.

அந்தக் குரலுக்கு வருஷக்கணக்காகக் கீழ்ப்படிந்த நாகேந்திரன் ஒரே பாய்ச்சலில் வந்து, ஒப்புக்குக் கட்டவேண்டியதை மறந்து, இரு கைகளையும் முன்னால் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். லாரிக்குத் தார்ப்பாய் கட்டிப் பழகிய கை. கதைப்படி கயிற்றை உதறிவிட்டுக் கொடியைத் தூக்க வேண்டும். அழகேசன் உதறினார், முறுக்கினார், திமிறினார். ஊஹும்.

"உன்ன நீயே அரெஸ்ட் பண்ணிக்கினியே மாமே!" என்று ஒரு குரல். அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமுண்டீஸ்வரி விறுவிறுவென்று மேடையேறினாள். முடிச்சைப் பல்லால்கூட இழுத்துப் பார்த்தாள். பிறகு கொடிக்கம்பை எடுத்து, கட்டிய கைகளுக்கு நடுவே செருகினாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? அன்னிக்கு மெய்யாலுமே கொடி புடிச்சவங்கல்லாம் கைய வீசிக்கினா தூக்கனாங்க? தூக்குய்யா!"

அழகேசன் தூக்கினார். 'வந்தே மாதரம்' சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. எழுந்து நின்று, கூட்டம்தான் சொன்னது.