கறுப்புக் காரில் வெள்ளைப் படலம்

அந்த வருடத்தில் காருக்குப் பூசிய மூன்றாவது மெழுகு அது. பலாங்கொடைக்கு மேலேயிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் துரையின் கறுப்புக் காரை இருபத்திரண்டு வருடமாக ஓட்டிய ரொபர்ட்டுக்கு, கை ஓய்ந்து போயிருந்தது.

முதலில் போத்தல் பொலிஷ். தேய்த்த துணி கறுத்தது. பழைய பெயின்ட்டை அது அரைத்துத் தின்கிறது என்று ஒதுக்கிவிட்டார். அடுத்த டின் மெழுகு வெயிலில் கல்லாய் இறுகியது. இப்போது இளகின மெழுகு. நிழலில், மழையில்லாத காலையில், மெல்லிசாக, ஒரு கதவு முடிந்துதான் மறு கதவு. எல்லாம் சரியாகத்தான் செய்தார்.

ஆனாலும் துரை முகம் சுளித்தார்.

"மொகத ரொபர்ட் மே? என்ன இது? பாண் பேக்கரிக்காரன் கார் மாதிரி மாவு வெள்ளையா!"

"மழக் காத்துங்க தொரை. மெழுகு காய மாட்டேங்குது."

"கொழும்புல வேற டின் வாங்கிட்டு வாறேன்."

துரை போனதும், கொழுந்துக் கூடையோடு வந்த ரொபர்ட்டின் மனைவி மெட்டில்டா காரைப் பார்த்தாள். துணியை எடுத்து ஒரே இழுப்பு. படலம் போய், அவள் முகம் அதில் தெரிந்தது.

"மெழுகு நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் தொடைக்காம விட்டிருக்கீங்க. எத்தன நாளா கண்ணு தெரியல?"

ரொபர்ட் துணியைத் திரும்ப வாங்கினார். "போன டிசம்பர் நத்தார்லேருந்து."

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டா தொர புள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

"பாத எனக்கு மனப்பாடம் புள்ள."

"பாதையில நடக்கிறவங்களயும் மனப்பாடம் பண்ணிட்டீங்களா?"

ரொபர்ட் மெழுகு டின்னை மூடினார். ஸ்டீயரிங் போனால், ஐம்பத்தாறு வயதில் புல் வெட்டத்தான் போகவேண்டும்.

மறுநாள் அதே மெழுகை மறுபடி பூசினார். கண்ணை நம்பாமல் புறங்கையால் தடவினார். மெழுகு தங்கிய இடத்தில் கை இழுபட்டது. துடைத்த இடத்தில் வழுக்கியது. கார் கண்ணாடியாய் மின்னியது.

கொழும்பு டின்னோடு வந்த துரை சிரித்துவிட்டார். "அட, இது வேணாமே! சரி, புள்ளைங்கள கூட்டிட்டுப் போ."

தப்பித்தாயிற்று. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. பிள்ளைகள் இருவரும் பின்சீட்டில் ஏறி, "போவோம் ரொபர்ட்!" என்று கத்தினார்கள். அந்த முகங்கள் அவருக்கு இரண்டு வெளிறிய வட்டங்களாகவே தெரிந்தன.

ரொபர்ட் சாவியைத் துரையின் கையில் வைத்தார்.

"மெழுகு மேல குத்தம் இல்லீங்க தொரை. எங்கண்ணு மேலதான். வேற ட்ரைவர கூப்பிடுங்க."

பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் காரின் படியிலேயே களைத்து உட்கார்ந்தார்.