அடிக்குறிப்பை வாசித்த குற்றம்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், இசைப் பள்ளிக் கச்சேரி ஒன்றில் என் மனைவிக்கு இசைத்தாள் திருப்பும் பதவி எனக்குக் கிடைத்தது. நாற்பத்தைந்து வயதில் பியானோ பழகத் தொடங்கியவள். ஆட்களுக்கு முன்னால் வாசிப்பது அன்றுதான் முதல் தடவை. எனக்கோ இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது.

"நான் தலையாட்டினால் திருப்புங்கோ. வேற ஒண்டும் செய்யவேண்டாம்," என்றாள்.

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதிலை எனக்கு இருபது வருச அனுபவம்."

அவள் சிரிக்கவில்லை. தாள்களை மூன்றாம் தரமும் சரிபார்த்து அடுக்கினாள்.

அவள் தெரிந்தெடுத்திருந்தது, அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்ணொருத்தி எழுதிய இசை. முதல் பக்கம் நன்றாகப் போனது. திருப்பினேன். அடுத்த பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஜெர்மனில் ஒரு குறிப்பு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையே முழுக்க வாசிக்கிற ஆள் நான், இதை விடுவேனா?

எழுதினவள் சிறுவயதிலேயே மேடையேறிய பியானோக்காரியாம். கலியாணத்துக்குப் பிறகு, வருடத்துக்கு ஒன்றிரண்டு கச்சேரி போதும் என்றாராம் கணவர். இசை எழுதலாம், ஆனால் ஆசிரியரிடம் போகக்கூடாதாம். புத்தகங்களை வாங்கி வைத்துத் தானாகவே படித்திருக்கிறாள். கணவர் இறந்தபின் கப்பலேறி ஜெர்மனிக்கு வந்து...

வந்து என்ன செய்தாள்? இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"திருப்புங்கோ!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. எத்தனை தரம் தலையாட்டினாளோ தெரியாது. பதறிப்போய் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். இசை நின்றது. யாரோ இருமினார்கள்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். முதல் பக்கத்துக்குத் திரும்பி, மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தாள். தாளையும் தானே திருப்பினாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கோபம் நல்ல மருந்து போலும். முடிந்ததும் பலத்த கைதட்டல்.

வெளியே கோட்டுகளை எடுக்கும் இடத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"அந்த மனுசி இஞ்சை வந்து என்ன செய்தவ?"

"ஊரூராய்ப் போய் வாசிச்சவ."

"அப்ப அவவின்ர கதை உமக்கு முன்னமே தெரியுமோ?"

"பின்னை? தெரிஞ்சுதானே எடுத்தனான்."

அந்த நேரம் அவளுடைய ஆசிரியை ஓடிவந்து, கெல்சென்கிர்ச்சன் நகரில் இன்னொரு கச்சேரி இருக்கிறது, வாசிக்கிறீர்களா என்று கேட்டார். வழக்கமாக, எதைக் கேட்டாலும் "வீட்டிலை கேட்டுச் சொல்லுறன்" என்பவள், உடனே சம்மதித்தாள். திகதியையும் குறித்துக்கொண்டாள்.

அவள் சொல்லும் அந்த 'வீடு' பக்கத்தில்தான், இரண்டு பேருடைய கோட்டுகளையும் பிடித்துக்கொண்டு நின்றது. அதை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.