காளியாயி பெயிண்ட் அடிக்க மறுத்த சுவர்

சமயபுரத்துக் காளியாயிக்கு வாய் நீளம். அதனாலேயே பெயிண்டர்கள் யாரும் அவளை நெடுநாள் தங்களோடு வைத்துக்கொள்ள மாட்டார்கள். புருஷன் போன பிறகு பத்து வருஷம் சுவர் சுரண்டி, பட்டிப் பூச்சைத் தேய்த்து, தூசியைத் தின்று இருமினாள். கடைசியில்தான் கையில் பிரஷ் வந்தது. அவளே பேசி ஒப்புக்கொண்ட முதல் வீடு, ஸ்ரீரங்கத்தில் பீமராவ் கட்டியது. ஒழுங்காக முடித்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் மறுபடி எவன் கீழேயாவது சுரண்டல்தான்.

வைகாசி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். அதை விட்டால் ஆனி, ஆடி. அந்த மாதங்களில் எவன் புது வீடு புகுவான்? கொத்தனார் இழுத்தடித்ததில் சிமெண்ட் பூச்சு முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. விசேஷத்துக்கு இன்னும் ஆறே நாள்.

“நாளைக்கே பெயிண்ட்ட ஆரம்பிச்சிடு” என்றார் பீமராவ்.

“சுவத்துக்குள்ள தண்ணி இருக்கு சார். ஒரு மாசமாச்சும் காயணும்.”

“தொட்டுப் பாரு, காஞ்சுதானே இருக்கு?”

“இட்லி மேல வெந்திருக்கும், உள்ள மாவா இருக்கும். அது மாதிரிதான்.”

அவர் முகம் சுருங்கியது. “புனேலேர்ந்து சம்மந்தி வராங்க. வெறும் சிமெண்டையா காட்டுறது? முடியாதுன்னா சொல்லிடு. பெயிண்டர் இளவரசன் ரெண்டே நாள்ல அடிச்சுத் தரேங்கிறான்.”

 போன வருஷம் உறையூரில் கான்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு ஈரச்சுவரில் அடித்தவள்தான் காளியாயியும். உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளமாக எழும்பியது. உரிந்ததையெல்லாம் அந்த வீட்டுக்காரி முறத்தில் அள்ளிவந்து இவள் காலடியில் கொட்டினாள். கான்ட்ராக்டர் நழுவிவிட்டார்.

 காளியாயி ஒரு பாலித்தீன் தாளை ஹால் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலை தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பீமராவ் தடவிப் பார்த்தார். விரல் நனைந்தது.

“இத அடைச்சுப் பெயிண்ட் அடிச்சா தண்ணி எங்க சார் போகும்? இப்ப சுண்ணாம்பு அடிக்கிறேன், சுவர் மூச்சு விடும். ஆவணியில சுரண்டிட்டு, பிரைமர் அடிச்சு, நீங்க கேட்ட கலர். சுரண்டுற கூலி வேணாம்.”

“சுண்ணாம்பா? இது என்ன மாட்டுக்கொட்டாயா?”

“ரங்கநாதருக்கே மதில்ல சுண்ணாம்பும் காவியும்தான். உங்களுக்கு மட்டும் ஆகாதோ?”

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஈர விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “அடிச்சுத் தொலை” என்றார்.

கிரகப்பிரவேசத்தன்று சம்மந்தியம்மாள் சுவரில் சாய்ந்து, புடவையில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிக்கொண்டே, “பெயிண்ட் அடிக்கலியா?” என்று கேட்டாள். பந்தியில் இருந்த காளியாயி பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தாள்.

“ஆவணியில இந்தம்மாதான் அடிக்கிறாங்க” என்று அவளைக் கை காட்டினார் பீமராவ். “சுவர் காயணும்னு நிறுத்தி வச்சிருக்காங்க.”

காளியாயி பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு ரசம் கேட்டாள்.