ராட்டினத்தடியில் அடித்த சாவு மணி

கண்டி கட்டுக்கலையில் லூர்துவின் குரல் தெரியாத வீடு கிடையாது. கத்தோலிக்கக் கோயில் பங்கில் யாராவது இறந்தால் கைமணியை மூன்று தடவை அடித்து, இறந்தவர் பேரையும், எப்படி இறந்தார் என்பதையும், அடக்க நேரத்தையும் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார். அந்த மணி கேட்டால் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். தாங்களாகவே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும் மணி கிடையாது. கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் குழியும் கிடையாது.

சாவு மணியால் வயிறு நிறையுமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் போகம்பறை மைதானத்துக்குக் கார்னிவல் வந்தபோது, கம்பனிக்காரர்கள் அதே குரலைக் கூலிக்குப் பிடித்தார்கள். லூர்து தகரக் குழலை வாயில் வைத்து, "வாங்க, வாங்க, வானத்தத் தொட்டுட்டு வாங்க!" என்று ராட்டினத்தடியில் நின்று கூவினார்.

சனிக்கிழமை பின்னேரம் புசல்லாவைத் தோட்டத்திலிருந்து அந்தோனியம்மா தன் புருஷன் சவரிமுத்துவோடு வந்தாள். அவனுக்குத் தலை சுற்றும், அதனால் அவள் மட்டும் ஏறினாள். பெட்டியின் குறுக்குக் கம்பி எப்போதோ முறிந்துபோய், அந்த இடத்தில் தும்புக் கயிறு கட்டியிருந்தார்கள். உச்சியில் வைத்துக் கயிறு அறுந்தது. லூர்துவின் முன்னால்தான் வந்து விழுந்தாள்.

மேனேஜர் ஹென்றி என்ன செய்தான் தெரியுமா? முதலில் பேண்டை இன்னும் பலமாக வாசிக்கச் சொன்னான். பிறகு அவளைச் சாக்கால் மூடினான். பொலிஸ் வருவதற்குள் புதுக் கம்பி பூட்டினான். "அந்தப் பெண் தானாக எழுந்து குதித்துவிட்டார். கம்பனி ஆழ்ந்த துக்கத்தில் இருக்கிறது" என்று ஆள் விட்டு ஊர் முழுக்கச் சொல்ல வைத்தான். துக்கமாம்! மறுநாளே வாசலில் 'அனுதாபக் காட்சி' என்று கறுப்புத் துணி தொங்கியது. கம்பனியின் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது, செத்தவள் பேரைக் காணோம். ராட்டினம் வழக்கம்போல் சுற்றும் என்று அடியில் எழுதியிருந்தது.

அன்று மத்தியானம் சவரிமுத்து லூர்துவின் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, குதிச்சவளுக்கு மணி கிடையாதுன்னு சாமியாரு சொல்லிட்டாரு. வேலிக்கு வெளிய பொதைக்கணுமாம். அவ குதிக்கலண்ணே. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"கயிறு அறுந்தத இந்தக் கண்ணால பாத்தேன்பா" என்றார் லூர்து.

சாமியாரிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் முழுக்கப் பரப்பிய பொய்யை ஓர் அறைக்குள் சொல்லி அழிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னேரம் கைமணியோடு மைதானத்துக்குப் போனார். ராட்டினத்தடியில் நின்று மூன்று தடவை அடித்தார். பேண்ட் நின்றது. தொப்பிகள் கழன்றன.

"சவரிமுத்துவின் மனைவி அந்தோனியம்மா நேற்று இறந்துபோனார். அவர் குதிக்கவில்லை. கம்பிக்குப் பதிலாகக் கம்பனி கட்டியிருந்த கயிறு அறுந்து விழுந்தார். நான் பார்த்தேன். அடக்கம் நாளைக் காலை, கோயில் சேமக்காலையில்."

சேமக்காலை என்று சாமியாரைக் கேட்காமல் அவராகத்தான் சொன்னார். சனம் சிலுவை போட்டுக்கொண்டது. ஹென்றியும் பேண்ட் மேடையேறித் தொப்பியை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தான். பார்த்தவர்களில் பாதிப்பேர் இதுவும் கம்பனியின் ஏற்பாடுதான் என்று நினைத்தார்கள். இரவே சாமியார் லூர்துவைக் கூப்பிட்டு விசாரித்தார். திங்கட்கிழமை அந்தோனியம்மாவுக்குச் சேமக்காலைக்குள் குழி கிடைத்தது.

ஹென்றி அங்கேயும் மலர்வளையத்தோடு வந்து நின்றான். அதிலும் கம்பனியின் பேர்தான். லூர்துவை ஓரமாகக் கூப்பிட்டான்.

"நேத்து நல்லா இருந்துச்சு லூர்து. சனம் அழுதுக்கிட்டே டிக்கட் எடுத்துச்சு. அந்தக் கயிறுப் பேச்ச மட்டும் விட்டுட்டு, தினமும் மணி அடிக்க ஏலுமா?"

லூர்து அவன் சப்பாத்தின் மேல் காறித் துப்பிவிட்டு நடந்தார். அன்றோடு அந்த வேலை போயிற்று. சந்தையில் மூட்டை தூக்கினார். சாவு மணியை மட்டும் விடவில்லை.

அடுத்த வருஷமும் கார்னிவல் வந்தது. இந்தமுறை வாசலில் புதிதாக ஒரு மணி. வேறு ஒருவன் அதை மூன்று தடவை அடித்துச் சனத்தைக் கூப்பிட்டான்.

அந்த வாரம் பங்கில் ஒரு பெரியவர் இறந்தார். லூர்து மணியடித்துக்கொண்டு தெருவில் வந்தார். கடைக்காரர் தராசைக் கீழே வைக்கவில்லை. சீனியை நிறுத்தபடியே நிமிர்ந்து பார்த்து, "என்ன லூர்து, கார்னிவல் தொடங்கியாச்சா?" என்றார்.